பழமைவாதியா, மரபுபேணுநரா?

அமெரிக்காவின் முன்னாள் அதிபர் கால்வின் கூலிட்ஜைப் பற்றிய ஒரு மொழிபெயர்ப்பைத் திருத்த உட்கார்ந்தேன். முதல் வரியே 'மாசசூசெட்ஸ் மாநிலங்களவையின் பழமைவாதத் தலைவர்' என்றிருந்தது. 'மாநிலங்களவை', 'பழமைவாதம்' என்ற இரண்டு சொல்லுமே பிழை. 'பழமைவாதி'யைப் படித்துப் படித்து அலுத்துவிட்டதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

'பழமைவாதி' என்று மொழிபெயர்க்கப்படும் 'கன்சர்வேட்டிவ்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். காப்பது, கெடாமல் வைத்திருப்பது என்று பொருள். 1830களில் பிரிட்டனில் அது கட்சிப் பெயராயிற்று. கட்சிப் பெயரை அப்படியே எழுதிவிடலாம். கொள்கையைச் சொல்லும்போதுதான் சிக்கல்.

மூலச்சொல்லில் பழமை எங்கே இருக்கிறது? காப்பதுதானே இருக்கிறது! 'பழமைவாதி' என்றதும் புதியது எதுவும் ஆகாது என்று முறுக்கிக்கொண்டு நிற்கும் ஆள்தான் நம் கண்முன் வருகிறார். அறிமுகம் செய்யும்போதே தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். கூலிட்ஜையே பாருங்கள். 1907-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கீழவைக்குப் போனவர், அங்கே பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று வாக்களித்தார். செனட்டர்களை, அதாவது அமெரிக்க நாடாளுமன்ற மேலவை உறுப்பினர்களை, மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கும் அவர் வாக்கு உண்டு. இவரா பழமைவாதி? ஆனால் அவர் கன்சர்வேட்டிவ் என்பதில் ஐயமில்லை. 1910-இல் அவருடைய தந்தை வெர்மான்ட் மாநில மேலவைக்குத் தேர்வானபோது, நல்ல மசோதாக்களை நிறைவேற்றுவதைவிடக் கெட்ட மசோதாக்களைத் தடுப்பதுதான் முக்கியம் என்று தந்தைக்கு எழுதினார் கூலிட்ஜ். 1914-இல் மாசசூசெட்ஸ் மேலவைத் தலைவரானதும், சட்டம் இயற்ற அவசரப்படாதீர்கள், நிர்வாகம் அதற்கு ஈடுகொடுக்கட்டும் என்றார். அதே உரையில், அறிவியலைப் போலப் புரட்சிகரமாக இருக்கவும் தயங்காதீர்கள், பெருக்கல் வாய்பாட்டைப் போலப் பிற்போக்காக இருக்கவும் தயங்காதீர்கள் என்றும் சொன்னார். இதைச் சொன்னவரைப் 'பழமைவாதி' என்ற சொல்லுக்குள் எப்படி அடக்குவது?

நான் 'மரபுபேணுநர்' என்றே எழுதுகிறேன். கொள்கைக்கு 'மரபுபேணல்'. 'தற்காத்துத் தற்கொண்டாற் பேணி' என்று குறளில் வரும் அதே பேணுதல்தான். காப்பதோடு அக்கறையும் அதில் சேர்ந்திருக்கிறது. மரபும் பழமையும் ஒன்றல்ல. ஐம்பது ஆண்டு வயதுள்ள ஒரு நடைமுறையைக் காக்க நினைப்பவருக்கு மரபு பொருந்தும், பழமை பொருந்தாது. நீளமாக இருக்கிறதே என்பார்கள். 'சட்டமன்ற உறுப்பினர்' மட்டும் குட்டையா என்ன? பழையதைத் திரும்பக் கொண்டுவரத் துடிப்பவருக்குப் 'பிற்போக்குவாதி' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு ஆட்களையும் ஒரே பெயரில் கட்டிவிட்டால், படிப்பவருக்கு வேறுபாடு எப்படித் தெரியும்? எந்தக் கொள்கையைக் கண்டாலும் யோசிக்காமல் 'வாதம்' என்று ஒட்டிவிடும் பழக்கத்தால் வந்த வினை இது.

சரி, அந்த 'மாநிலங்களவை'. அது டெல்லியில் இருப்பது, இந்திய நாடாளுமன்றத்தின் ஓர் அவை. கூலிட்ஜ் இருந்தது பாஸ்டனில், ஒரு மாநிலத்தின் மேலவையில். தமிழ்நாட்டிலேயே 1986 வரை மேலவை இருந்தது. சொல் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது.