பட்டியலில் பூஜ்யம் என்றால் விற்கவில்லை என்று அர்த்தமா?

மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடைகளை நம்பியே தொழில் செய்துவந்த அப்பளம், வற்றல், மசாலாப் பொடித் தயாரிப்பாளர்கள் சிலர், இப்போது பல கிளைகள் கொண்ட சூப்பர் மார்க்கெட்டுகளுக்கும் நேரடியாகச் சரக்குப் போடுகிறார்கள். அவர்களுக்குச் சரக்கு இருப்பிலும் கணக்கிலும் ஆலோசனை சொல்வது என் தொழில். எந்தக் கிளையில், எந்த நாளில், எந்தப் பொருள் எத்தனை பாக்கெட் பில் ஆனது என்ற விவரத்தைச் சில கடைகள் வாரந்தோறும் எக்செல் கோப்பாகச் சப்ளையருக்கு அனுப்புகின்றன. பெரும்பாலோர் அதன் அடியில் இருக்கும் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

அப்பளத் தயாரிப்பாளர் ஒருவர், ஒரு கிளையில் மிளகு அப்பளத்தை நிறுத்திவிடப் போவதாகச் சொன்னார். 31 நாள் கொண்ட அந்த மாதத்தில் 60 பாக்கெட்தான் போயிருந்தது. கடைசி 11 நாளும் பூஜ்யம். இருப்புப் பத்தியையும் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, அந்த 11 நாளும் 6 பாக்கெட் இருப்பதாகக் காட்டியது. நேரில் போனால் கடையின் அலமாரித் தட்டில் ஒன்றுகூட இல்லை. அந்த ஆறும் நொறுங்கிப்போய், டேமேஜ் கணக்கில் ஏறாமல், கிடங்கில் ஒரு சாக்கில் கிடந்தன. இருப்பு இருப்பதாகக் கணினி நம்பியதால் புதிய ஆர்டரும் போடப்படவில்லை. ஆக, விற்பனை 31 நாளில் 60 அன்று, சரக்கு இருந்த 20 நாளில் 60. அதாவது நாளொன்றுக்கு 2 அன்று, 3. இரண்டு என்று எண்ணி அடுத்த மாதம் சரக்கு அனுப்பியிருந்தால் தட்டு இன்னும் சீக்கிரம் காலியாகியிருக்கும். அதைப் பார்த்து அவர் இன்னும் குறைத்திருப்பார். ஆகவே, தினமும் மூன்று போகும் பொருள் இருப்பு இருந்தும் நான்கைந்து நாள் பூஜ்யம் காட்டினால், வாடிக்கையாளரைச் சந்தேகிப்பதற்கு முன் இருப்புக் கணக்கைச் சந்தேகிப்பதே முறை.

இருப்பு மைனஸில் போவதும் உண்டு. பூண்டு, சீரகம், மிளகு என்று ஒரே விலையில் நான்கு பாக்கெட் வந்தால், அவசரத்தில் பில் போடுபவர் ஒன்றை மட்டும் ஸ்கேன் செய்து நான்கு என்று அடித்துவிடுகிறார். பட்டியலில் பூண்டு அப்பளம் அமோகமாக ஓடி அதன் இருப்பு மைனஸுக்குப் போகும், மற்றவை தூங்கும். ஒரே விலையுள்ள வகைகளைத் தனித்தனியாக எடைபோடாமல் முதலில் கூட்டிப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

கடைக்குப் போட்ட சரக்கையே விற்பனையாக எண்ணும் பழக்கம் இதைவிடப் பழையது. மாதக் கடைசியில் இலக்கை எட்டுவதற்காக விற்பனைப் பிரதிநிதி தள்ளிவிடும் பெட்டிகள், இரண்டு மாதம் கழித்து எக்ஸ்பைரி ரிட்டர்னாகத் திரும்பி வரும். பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனமே தன் பாம்பர்ஸ் டயப்பர்களில் இதற்கு நெருங்கிய ஒன்றைக் கண்டது: குழந்தைகளின் தேவை ஏறக்குறைய ஒரே சீராக இருக்க, கடைகளின் விற்பனையைவிட விநியோகஸ்தர்களின் ஆர்டர் மிக அதிகமாக ஏறி இறங்கியது. அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனமான வால்மார்ட் 1991இல் தன் சப்ளையர்களுக்கு விற்பனை விவரங்களைத் திறந்துவிட்ட பிறகு, ஆர்டரைப் பார்த்து ஊகிக்காமல் பில்லைப் பார்த்தே தயாரிப்பைத் திட்டமிட அவர்களுக்கு வழி கிடைத்தது.

நம் ஊருக்கே உரிய பிழை ஒன்றும் உண்டு. சென்ற ஆண்டு இதே வாரத்தோடு ஒப்பிடும் கட்டத்தைக் கோப்பு ஆங்கிலத் தேதியை வைத்தே நிரப்புகிறது. அழகர் ஆற்றில் இறங்கியது 2024இல் ஏப்ரல் 23. 2025இல் மே 12. நன்னாரி சர்பத் தயாரிப்பவர் 2025 ஏப்ரல் நான்காம் வாரத்தை முந்தைய ஆண்டின் அதே வாரத்தோடு ஒப்பிட்டிருந்தால், திருவிழா இல்லாத வாரத்தைத் திருவிழா வாரத்தோடு நிறுத்துப் பார்த்துவிட்டு, விற்பனை சரிந்துவிட்டதாகப் பயந்திருப்பார். கொடியேற்றத்திலிருந்து எத்தனையாவது நாள் என்று ஒரு பத்தியை நாமே சேர்த்துக்கொண்டால் போதும்.

விற்பனைப் பத்தியைத் தயங்காமல் தரும் கடைகள் இருப்புப் பத்தியைத் தரத் தயங்குகின்றன. காணாமல்போன சரக்கும் எண்ணாத கிடங்கும் அதில் தெரிந்துவிடும் என்பது என் ஊகம். அத்தகைய கிளைகளில், சரக்கு இறக்கப் போகும் டெம்போ ஓட்டுநரே தட்டில் இருக்கும் பாக்கெட்டுகளை எண்ணி, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவருகிறார்.