விரலை எடுத்த பிறகும் கால் நொடி

வாக்கி டாக்கியில் ஒருவர் பேசி முடித்ததும் 'பீப்' என்று ஒரு சத்தம் வருமே, அது நம் கையில் இருக்கும் கருவி எழுப்புவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. பேசியவரின் குரல் எந்த அலையில் வந்ததோ அதே அலையில், அவர் பக்கத்திலிருந்து வருவது அது. ஹாம் ரேடியோக்காரர்கள், அதாவது பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்கள், இதை ரோஜர் பீப் என்பார்கள்.

ஒரே அலைவரிசையில் இருவர் சேர்ந்து பேச முடியாது. ஒருவர் நிறுத்தினால் முடித்துவிட்டாரா, மூச்சு வாங்குகிறாரா என்பது தெரியாது. இரைச்சலோடு வரும் சிக்னலில் குழப்பம் இன்னும் கூடும். பீப் கேட்டால், சரி, இனி நம் முறை.

நிலவுக்குப் போன அப்போலோ பயணங்களின் ஒலிப்பதிவுகளில் கேட்கும் பீப் வேறு. ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்தில் பேசுபவர் பொத்தானை அழுத்தியதும் 2525 ஹெர்ட்ஸ், விட்டதும் 2475 ஹெர்ட்ஸ், ஒவ்வொன்றும் கால் நொடி. எங்கோ தொலைவில் இருந்த தரைநிலைய டிரான்ஸ்மிட்டரை முடுக்கவும் நிறுத்தவும் கம்பி வழியே போன கட்டளைகள் அவை.

நம் கருவிக்கு வருவோம். விரலை எடுத்த கணமே டிரான்ஸ்மிட்டர் அணைந்துவிட்டால் பீப்பை எதில் ஏற்றி அனுப்புவது? அதனால் மைக்கை மட்டும் துண்டித்துவிட்டு, டிரான்ஸ்மிட்டரைக் கால் நொடி போலப் பிடித்து வைக்கிறது கருவி. அந்த இடைவெளியில் டோன், அதாவது அந்த பீப் ஒலி, போகிறது. நாமே சர்க்யூட் கட்டினால் இந்த நேரத்தை ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் பார்த்துக்கொள்ளும். 100 கிலோ ஓமையும் 2.2 மைக்ரோ ஃபாரடையும் பெருக்கினால் 0.22 நொடி, ஏறக்குறைய அவ்வளவுதான் பிடிப்பு. ரெசிஸ்டர் இருக்கும் இடத்தில் ஒரு ப்ரீசெட், அதாவது மதிப்பை மாற்றக்கூடிய ரெசிஸ்டர், வைத்துவிட்டால் ஸ்க்ரூடிரைவரால் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம்.

பலர் தவறுவது சத்தத்தின் அளவில்தான். இந்தக் கருவிகள் பலவும் பயன்படுத்தும் எஃப்எம்மில் சத்தம் என்பது அலைவரிசை நடுப்புள்ளியிலிருந்து இரு பக்கமும் எவ்வளவு விலகி ஆடுகிறது என்பது. 12.5 கிலோ ஹெர்ட்ஸ் சேனலில் இதற்கு எல்லை 2.5 கிலோ ஹெர்ட்ஸ். பேச்சு அந்த எல்லையை எப்போதாவதுதான் தொடும். டோனோ தொடங்கியதிலிருந்து முடியும்வரை அங்கேயே நிற்கும். காதில் ஊசி குத்துவது போலிருப்பது அதனால்தான். இன்னொன்றும் உண்டு. மைக் வழியாகப் போகும் ஒலியில் உயர்ந்த சுருதிகளை டிரான்ஸ்மிட்டர் கூடுதலாகத் தூக்கிவிடும். அதே அளவில் 1000 ஹெர்ட்ஸுக்குப் பதில் 2000 கொடுத்தால் விலகல் இரண்டு மடங்கு. எல்லையை முட்டினால் டோன் நசுங்கிக் கரகரக்கும். போதாக்குறைக்கு நம் காது 3000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் மிகக் கூர்மை. என்னைக் கேட்டால் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே வைத்து, சத்தத்தைப் பேச்சின் உச்சத்தில் பாதிக்கும் குறைவாக இறக்கிவிடுவேன்.

சத்தம் சரியா என்று சொந்த ஸ்பீக்கரை நம்பிச் சொல்ல முடியாது. ஆன்டெனாவைக் கழற்றி, அலையை வெளியே விடாமல் உள்வாங்கிக்கொள்ளும் டம்மி லோடு மாட்டி, நண்பரிடம் இன்னொரு கருவியைக் கொடுத்து அடுத்த அறையில் உட்கார வையுங்கள். பத்து எண்ணிவிட்டுப் பொத்தானை விடுங்கள். "பத்து" எவ்வளவு சத்தமாக வந்ததோ அதற்குக் கொஞ்சம் கீழே பீப் வந்தால் திருகுவதை நிறுத்திவிடலாம்.

கடையில் வாங்கும் மலிவான கைக்கருவிகள் பலவற்றில் இதையெல்லாம் தொட முடியாது. மெனுவில் ரோஜர் என்று தேடி 'ஆன்' அல்லது 'ஆஃப்', அவ்வளவுதான். நம் சிக்னலை வாங்கித் தொலைவுக்குத் திரும்ப அனுப்பும் நிலையமான ரிப்பீட்டர் வழியாகப் பேசும்போது 'ஆஃப்' வையுங்கள். பல ரிப்பீட்டர்கள் தாமே ஒரு டோன் போடும். அது ஒலித்த பிறகுதான், ஒருவர் தொடர்ந்து எவ்வளவு நேரம் பேசலாம் என்று உள்ளே கணக்கிடும் டைமர் பூஜ்யத்துக்குத் திரும்பும். அதற்கு முன்பே அடுத்தவர் பொத்தானை அழுத்திவிட்டால் பழைய கணக்கே ஓடி, பாதிப் பேச்சில் ரிப்பீட்டர் அணைந்துவிடும்.