குற்ற வீதம்: சொல்லும் கணக்கும்

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை வந்ததும் செய்திகளில் ஒரே எண்ணுக்கு நான்கு பெயர்கள் அடிபடும்: கிரைம் ரேட், குற்ற விகிதம், குற்ற சதவீதம், குற்ற எண்ணிக்கை. நான்கும் ஒன்றல்ல. “சென்ற ஆண்டை விட இந்த மாநிலத்தில் இவ்வளவு கூடியது” என்று எழுதும்போது இவற்றை மாற்றிப் போட்டால் ஒரு மாநிலத்தின் பெயரே கெட்டுப்போகும்.

முதலில் பொருள். ஓர் ஆண்டில் காவல் நிலையங்களில் பதிவான வழக்குகளை அந்த ஆண்டின் மக்கள்தொகையால் வகுத்து, ஒரு லட்சம் பேருக்கு இத்தனை என்று சொன்னால் அதுதான் கிரைம் ரேட். பெண்களுக்கு எதிரான குற்றங்கள் என்றால் லட்சம் பெண்களுக்கு, குழந்தைகளுக்கு எதிரானவை என்றால் லட்சம் குழந்தைகளுக்கு.

ரேட் என்ற ஆங்கிலச் சொல் லத்தீனின் ‘ப்ரோ ரத்தா’ என்ற தொடரிலிருந்து வந்தது. கணக்கிட்டு வகுத்த பங்கின்படி என்று பொருள். தமிழில் இதற்கு அப்படியே பொருந்தும் சொல் வீதம். “ஆளுக்குப் பத்து ரூபாய் வீதம் கொடு” என்று படிக்காதவரும் பிழையில்லாமல் சொல்கிறார். வட்டி வீதம் என்பதிலும் இதே பொருள்தான்.

விகிதம் வேறு. வடமொழியின் ‘விஹித’ என்பதிலிருந்து வந்தது. விதிக்கப்பட்டது, தகுந்தது என்பது மூலப் பொருள். கணக்குப் பாடத்தில் அது இரண்டு அளவுகளை எதிரெதிரே நிறுத்தி ஒப்பிடுவதைக் குறிக்கிறது. ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்று பார்க்கும் பாலின விகிதம் சரியான பயன்பாடு. குற்ற விகிதம் என்று எழுதுவது பத்திரிகைகளில் வேரூன்றிவிட்டது, படிப்பவருக்கும் புரிகிறது. ஆனாலும் வீதம் என்ற துல்லியமான சொல் கையிலிருக்கும்போது அதை விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. குற்ற சதவீதம் என்பதோ நேரடிப் பிழை. லட்சத்துக்கு 385 என்பது நூற்றுக்கு அரை கூட இல்லை.

இனி கிரைம். லத்தீனில் ‘கிரீமென்’ என்பதன் பழைய பொருள் குற்றச்சாட்டு. ஒருவர் மீது சுமத்தப்பட்டதைத்தான் முதலில் அது குறித்தது. செய்யப்பட்ட செயலைக் குறிக்கும் பொருள் பின்னால் வந்து அழுத்தமாகத் தங்கியது. தமிழின் குற்றம் வேறு வழியில் வந்தது. பிழை, குறை, மாசு எல்லாம் அதற்குள் அடங்கும். திருக்குறளின் குற்றங்கடிதல் அதிகாரம் தண்டச் சட்டத்தைப் பேசவில்லை. செருக்கு, சினம் போன்ற குறைகளை ஆள்பவன் தன்னிடமிருந்து நீக்கிக்கொள்வதைப் பேசுகிறது.

ஆண்டறிக்கையின் எண்களோ அந்தப் பழைய லத்தீன் பொருளுக்குத்தான் நெருக்கமாக நிற்கின்றன. அங்கே எண்ணப்படுபவை நடந்த குற்றங்கள் அல்ல, முதல் தகவல் அறிக்கையாகப் பதிவானவை. தமிழ்நாட்டில் கைபேசி தொலைந்தது என்று புகார் கொடுத்தால் பல சமயம் கையில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டு மட்டும். புகார் அந்த நிலையிலேயே நின்றுவிட்டால் ஆண்டுக் கணக்கில் ஏறாது. அதேபோல, ஒரே முதல் தகவல் அறிக்கையில் கொலையும் கொள்ளையும் இருந்தால் கடும் தண்டனைக்குரிய கொலை மட்டுமே எண்ணப்படும்.

பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரில் தெரிந்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு. இதை ஒழுங்காகப் பின்பற்றும் மாநிலத்தில் எண் கூடும், புகார்தாரரை அலையவிடும் மாநிலத்தில் எண் குறையும். கேரளா பல ஆண்டுகள் பட்டியலின் மேல்வரிசையில் வந்ததற்கு, அங்கே மக்கள் துணிந்து புகார் கொடுப்பதும் அது பதிவாவதும் பெரிய காரணங்கள். குற்றம் பெருகுவது வேறு, பதிவு பெருகுவது வேறு என்று காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கைதான் செய்தியில் முதலில் வெட்டுப்படுகிறது.

2020ஐ எடுத்துப் பாருங்கள். நாடு முழுவதும் பதிவான வழக்குகள் 51,56,158இலிருந்து 66,01,285 ஆயின. 28 சதவீத உயர்வு. வீதம் 385.5இலிருந்து 487.8 ஆனது, இது ஏறத்தாழ 26.5 சதவீதம். மக்கள்தொகையும் வளர்ந்ததால் இரண்டு உயர்வுக்கும் இடையே இந்த இடைவெளி. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஊரடங்கில் வீட்டுக்குள் இருந்த நாட்டில் குற்றம் எப்படி இவ்வளவு ஏறியது? அரசு ஊழியரின் உத்தரவை மீறுவதற்கான இந்திய தண்டனைச் சட்டம் 188ஆம் பிரிவு வழக்குகள் 29,469இலிருந்து 6,12,179 ஆயின. ‘பிற குற்றங்கள்’ என்ற தலைப்பில் 2,52,268 என்பது 10,62,399 ஆனது. கூடிய 14 லட்சத்துச் சொச்சத்தில் மிகப் பெரும்பகுதி இந்த இரண்டு வரிகளிலேயே முடிந்துவிடுகிறது. திருட்டு வழக்குகள் அந்த ஆண்டு குறைந்தன. கொலை 1 சதவீத அளவில் மட்டுமே கூடியது.

சிறிய மாநிலங்களில் இன்னொரு சிக்கல். 2011 கணக்கெடுப்பின்படி சிக்கிமின் மக்கள்தொகை சுமார் 6.1 லட்சம். அப்படியொரு மாநிலத்தில் ஓர் ஆண்டு 10 கொலை, மறு ஆண்டு 14 என்று வைத்துக்கொள்வோம். “கொலை 40 சதவீதம் உயர்வு” என்று தலைப்பிடலாம். கணக்கு சரிதான், ஆனால் கூடியவை நான்கு. ஓரிரு குடும்பப் பகைகள் போதும் அந்த எண்ணை மாற்ற. இங்கே மூன்று, நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பார்ப்பதே நியாயம்.

ஆகவே கிரைம் ரேட்டுக்குத் தமிழில் குற்ற வீதம் என்பது சரியான சொல். அறிக்கைகளைப் பற்றி எழுதும்போது நான் இன்னும் ஒரு படி போய்க் குற்றப்பதிவு வீதம் என்று எழுதப் பரிந்துரைப்பேன். சொல் சற்று நீண்டாலும், எது எண்ணப்பட்டது என்பதைச் சொல்லே சொல்லிவிடும். ‘சம்பவங்கள் அதிகரிப்பு’ என்று எழுதுவதை விட ‘வழக்குகள் அதிகரிப்பு’ என்று எழுதுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

வகுக்கும் எண்ணையும் மறந்துவிடக் கூடாது. 2011க்குப் பிந்தைய மக்கள்தொகை எல்லாம் கணிப்பு. வெளியூரிலிருந்து தொழிலாளர்கள் வந்து குவியும் மாநிலத்தில் கணிப்பு குறைவாக இருந்தால் வீதம் ஊதிப்போய்த் தெரியும். அடுத்த கணக்கெடுப்பின் எண்கள் இந்தக் கணக்கில் சேரும் ஆண்டில், ஒரு வழக்கும் கூடாமல் குறையாமலேயே சில மாநிலங்களின் வீதம் நகரக்கூடும். அந்த ஆண்டு முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டு எழுதுபவர்கள் எண்ணிக்கையையும் வீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுக்க வேண்டும்.