பாட்டி வீட்டில் வளரும் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய்: யாருக்கு, எப்படி?

அப்பா இறந்துவிட்டார், அம்மா கூலி வேலைக்குப் போய்ச் சமாளிக்கிறார். அல்லது இருவருமே இல்லை, பாட்டியிடம் பிள்ளைகள் வளர்கிறார்கள். இப்படிப்பட்ட வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் முதலில் சொல்லும் யோசனை, "பேசாம ஹோம்ல சேர்த்துடுங்க" என்பதுதான். ஆனால் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தைகள் இல்லம் (ஹோம்) கடைசி வழி. குழந்தை குடும்பத்தோடு இருக்கவே பணம் கொடுக்க அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். முன்பு 2,000 ரூபாயாக இருந்த தொகை இது.

இதில் இரண்டு உதவிகள் உள்ளன. பலரும் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு தவறான மனுவைக் கொடுக்கிறார்கள்.

பெற்ற தாயிடமோ, பாட்டி, சித்தப்பா, மாமா என்று சொந்தக்காரரிடமோ வளரும் குழந்தைக்குக் கிடைப்பது நிதி ஆதரவு (பிரிவு 45). உறவே இல்லாத ஒரு குடும்பம், குழந்தைகள் நலக் குழுவின் (ஆதரவு தேவைப்படும் குழந்தைகள் பற்றி முடிவெடுக்கும் மாவட்டக் குழு) ஆணைப்படி குழந்தையைத் தற்காலிகமாக வளர்த்தால் அது வளர்ப்புப் பராமரிப்பு (பிரிவு 44). தொகை இரண்டுக்கும் 4,000 ரூபாய்தான். ஆனால் பேரனை வளர்க்கும் பாட்டி கேட்க வேண்டியது நிதி ஆதரவு.

நிதி ஆதரவு யாருக்கு? தாய் கணவரை இழந்தவராகவோ, விவாகரத்தானவராகவோ, கைவிடப்பட்டவராகவோ இருக்கும் குழந்தைகள்; பெற்றோர் இல்லாமல் உறவினரிடம் வளர்பவர்கள்; பெற்றோருக்கு உயிருக்கு ஆபத்தான நோய் இருப்பவர்கள்; விபத்து போன்றவற்றால் பெற்றோர் முடங்கிப்போன வீட்டுப் பிள்ளைகள். குழந்தைத் தொழிலாளராக மீட்கப்பட்டவர்கள், குழந்தைத் திருமணத்துக்கு ஆளானவர்கள், எச்.ஐ.வி. பாதிப்புள்ளவர்கள், மாற்றுத்திறன் குழந்தைகள் ஆகியோரும் இதில் வருவார்கள். குடும்ப ஆண்டு வருமானம் கிராமமாக இருந்தால் 72,000 ரூபாய்க்கும், நகரமாக இருந்தால் 96,000 ரூபாய்க்கும் மேல் போகக் கூடாது. ஏற்கெனவே இல்லத்தில் இருக்கும் பிள்ளையை வீட்டுக்கு அழைத்துவரவும் இதே உதவியைக் கேட்கலாம். வறுமை ஒன்றுக்காகவே இல்லத்தில் விடப்பட்ட பிள்ளைகளின் வீட்டார் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

மனு போக வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. அந்த அலுவலகம் எங்கே என்று தெரியாவிட்டால் திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்கள், அங்கிருந்து அனுப்பிவிடுவார்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்தும் கேட்கலாம். மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இடையில் யாரும் தேவையில்லை.

மனு நீளமாக இருக்க வேண்டியதில்லை. குழந்தையின் பெயர், வயது, வகுப்பு, பள்ளி. பெற்றோருக்கு என்ன ஆனது, எந்தத் தேதியில். இப்போது யார் வளர்க்கிறார், அவர் என்ன உறவு, என்ன வருமானம். இவ்வளவு போதும். கூடவே குழந்தையின் பிறப்புச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு நகல், வருமானச் சான்று, பள்ளியில் வாங்கிய படிப்புச் சான்று, இறப்புச் சான்று அல்லது மருத்துவச் சான்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், புகைப்படம் ஆகியவற்றை வைக்க வேண்டும்.

அதிகம் சிக்குவது இந்தக் காகிதங்களில்தான். தந்தை இறக்கவில்லை, விட்டுவிட்டுப் போய்விட்டார் என்றால் இறப்புச் சான்று எங்கிருந்து வரும்? அதற்கு இ-சேவை மையம் வழியாக, கணவரால் கைவிடப்பட்டவர் என்ற சான்றிதழை வருவாய்த் துறையிடம் வாங்க வேண்டும். காணாமல் போனவர் என்றால் காவல் நிலையப் புகாரின் ரசீது வேண்டும். புகாரே கொடுக்காமல் வருடக்கணக்கில் விட்டவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வருமானச் சான்றில் இன்னொரு வம்பு: ரேஷன் கார்டு தாத்தா பெயரிலோ மாமா பெயரிலோ இருந்தால், அவர்கள் சம்பளத்தையும் சேர்த்து எழுதிவிட்டால், தொகை வரம்பைத் தாண்டிவிடும். தாயும் பிள்ளையும் தனியாகச் சமைத்துச் சாப்பிடுபவர்கள் என்றால் முதலில் கார்டைப் பிரித்துக்கொள்வது நல்லது. ஆதாரில் ஒரு இனிஷியல், பிறப்புச் சான்றில் வேறொன்று என்று இருந்தாலும் மனு நிற்கும்.

பணம் ரொக்கமாக வராது. குழந்தை பெயரில் தொடங்கி, தாயோ பாதுகாவலரோ கையாளும் கணக்கில் நேரடியாக ஏறும். பழைய கணக்கைக் காட்டினால் அது முடங்கிக் கிடக்கிறதா, ஆதார் இணைந்திருக்கிறதா என்று வங்கியில் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

மனு போனபின் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். பிள்ளை எங்கே தூங்குகிறது, நோட்டுப் புத்தகம் இருக்கிறதா, எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை, வீட்டில் யாராவது குடித்துவிட்டு அடிக்கிறார்களா என்று பார்ப்பார், பிள்ளையிடம் தனியாகவும் பேசுவார். கஷ்டத்தைக் காட்ட வேண்டுமென்று டிவியை எடுத்து ஒளித்துவைக்க வேண்டாம், அதனால் ஒரு பயனும் இல்லை. அவர் அறிக்கையும் குழந்தைகள் நலக் குழுவின் பரிந்துரையும் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான ஒப்புதல் குழுவுக்குப் போகும். எத்தனை பேருக்குக் கொடுக்கலாம் என்பது நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்தது. தகுதி இருந்தும் காத்திருக்க நேரலாம், அதனால் மனு கொடுத்த ரசீதைத் தொலைக்காதீர்கள்.

கிடைக்க ஆரம்பித்தால் 18 வயது வரை தொடரலாம். பள்ளி வருகை குறைந்தால் மறுபரிசீலனைக்குப் போய் நின்றுவிடும். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு இதில் விலக்கு தரலாம். பிள்ளையை ஹாஸ்டலில் சேர்த்தாலும் உதவி நிற்கும். சேர்ப்பதற்கு முன் அலகில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பர் 15 அன்று அன்புக் கரங்கள் என்ற தனித் திட்டத்தைத் தொடங்கியது. இரு பெற்றோரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்கும் மாதம் 2,000 ரூபாய் தருகிறார்கள். தேவைப்படும் காகிதங்கள் பெரும்பாலும் இவையேதான்.

இனி வளர்ப்புப் பராமரிப்பு. "குழந்தை இல்லை, இப்படி ஒன்றை எடுத்து வளர்த்தால் என்ன?" என்று வருபவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இது தத்து அல்ல. பெற்றவர்களின் உரிமை போய்விடாது. குழந்தைக்குக் கெடுதல் இல்லையென்றால் அவர்கள் வந்து பார்க்கலாம். குழந்தைகள் நலக் குழு மாதந்தோறும் வந்து பார்வையிடும். 2024ஆம் ஆண்டு மாதிரி வழிகாட்டுதல்படி 6 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளே தரப்படுவார்கள். திருமணமானவர்கள் குறைந்தது 2 ஆண்டு நிலையான மணவாழ்வு நடத்தியிருக்க வேண்டும். 35 முதல் 60 வயது வரையுள்ள தனிநபர்களும் விண்ணப்பிக்கலாம். தனியாக வாழும் ஆணுக்கு ஆண் குழந்தை மட்டுமே. அந்தக் குழந்தை பின்னர் சட்டப்படி தத்துக்கு உரியதானால், 2 ஆண்டு வளர்த்த குடும்பம் தத்துக் கேட்கலாம். முன்பு இது 5 ஆண்டாக இருந்தது.

மருத்துவமனையிலோ தெரிந்தவர் மூலமாகவோ கைமாற்றி எடுத்து வளர்ப்பது இதில் எதிலும் சேராது. முறைப்படி அல்லாமல் கொடுத்தாலும் வாங்கினாலும் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பணம் கைமாறினால் குழந்தை விற்பனை வழக்கு, தண்டனை 5 ஆண்டு வரை போகும்.

உதவ வசதியுள்ள தனிநபர்களும் நிறுவனங்களும் ஒரு குழந்தையின் செலவை ஏற்கவும் வாத்சல்யாவில் வழி உண்டு. அதற்கும் அணுக வேண்டியது மாவட்ட அலகைத்தான். இல்லத்தில் வளர்ந்து 18 முடிந்து வெளியே வருபவர்களுக்குப் பிற்காப்பு உதவி தனியாக இருக்கிறது: 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரை. அதை 18 நெருங்கும்போதே கேட்டு வைக்க வேண்டும். வெளியே வந்து வாடகை வீடு தேடும்போது கேட்டால் நேரம் போதாது.