நாகலிங்கப் பூவுக்குள் இரண்டு வகை மகரந்தம்

விடுமுறைக்குக் கொழும்பு வரும் குடும்பத்தில் செடிகொடிப் பித்து உள்ளவர் ஒருவர் இருந்தால், காலிமுகத்திடலுக்கும் கடைத்தெருவுக்கும் முன்னதாக ஒரு காலைப்பொழுதை நாகலிங்க மரத்துக்கென்று ஒதுக்கிவிடலாம். பெரிய விகாரைகளின் முற்றங்களில் தேடினால் அகப்படும். பூ அதிகாலையில் மலர்ந்து, அநேகமாக அன்று மாலைக்குள்ளேயே உதிர்ந்துவிடும். ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள் போனால் மணமும் கிடைக்கும், தேனீயும் கிடைக்கும். பத்து மணிக்குப் போகிறவர்களுக்குக் கொழும்பு வெயிலும் வதங்கிய இதழ்களும்தான் மிச்சம்.

சிங்களத்தில் இதைச் 'சால்' என்கிறார்கள். புத்தர் பிறந்த சால மரம் இதுதான் என்று நம்பியே பூவைப் படைக்கிறார்கள். நம்பிக்கையை விட்டுவிடுவோம், தாவரவியல் அதற்கு இடம் தராது. லும்பினியின் சால மரம் ஷோரியா ரொபஸ்டா; இது தென்னமெரிக்கக் காடுகளின் கூரூபிட்டா கயானென்சிஸ். பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஓப்லே 1775இல் இட்ட பெயர் அது. நம் ஊர்ப் பெயரோ பூவின் உடற்கூற்றையே சொல்லிவிடுகிறது. நடுவில் லிங்கம், அதன்மேல் கவிந்த நாகப்படம்.

தரையில் விழுந்த புதுப்பூ ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஆறு தடித்த இதழ்கள். நடுவில் மேடுபோல இருப்பது பின்னால் காயாகும் சூலகம், அதன் தலையில் மகரந்தத்தை ஏற்கும் குறி. அதைச் சுற்றி, மகரந்தம் தரும் இழைகளான கேசரங்கள், நூற்றுக்கணக்கில் குட்டையாக, நெருக்கமாக நிற்கும் ஒரு வளையம். வளையத்தின் ஒரு பக்கத்திலிருந்து நாக்குப்போல ஒரு தசைத்தட்டு நீண்டு, வளைந்து, சூலகத்துக்கு எதிரே வந்து நிற்கிறது. அதுதான் படம். அதன் நுனியிலும் கேசரங்கள் உண்டு. இவை நீளமானவை, நிறம் கூடியவை. ஆக, ஒரே பூவில் இரண்டு கேசரக் கூட்டங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

ஏன் இரண்டு? இந்தப் பூவில் தேன் கிடையாது. எவ்வளவு பிதுக்கினாலும் ஒரு துளி வராது. தேனீ வருவது மகரந்தத்துக்காக. அதன் குஞ்சுகளுக்குப் புரதம் அதுதான். ஆனால் மகரந்தத்தையே கூலியாகக் கொடுக்கும் பூவுக்கு ஒரு சிக்கல் உண்டு: வாரிக்கொண்டு போன தேனீ அவ்வளவையும் கூட்டில் சேர்த்துவிட்டால், அடுத்த பூவுக்கு என்ன போகும்? நாகலிங்கம் கணக்கைப் பிரித்து எழுதிவிட்டது. படத்திலுள்ள கேசரங்கள் தருவது தீனி மகரந்தம். குறியிலிருந்து சூலகத்துக்குள் இறங்க வேண்டிய மகரந்தக் குழாய் அதிலிருந்து வளராது. வளையத்திலுள்ளதுதான் விதை உண்டாக்கும் அசல்.

இரண்டுக்கும் நடுவிலுள்ள இடுக்குக்குள் தச்சு வண்டு போன்ற பருத்த தேனீ நுழைகிறது. கால்கள் படத்துப் பக்கம் மும்முரமாகத் தீனியைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது, முதுகு வளையத்தில் உரசுகிறது. கால் எட்டாத முதுகில் ஒட்டிய மகரந்தம் அப்படியே அடுத்த பூவின் குறிக்குப் போய்ச் சேருகிறது. சின்னத் தேனீ ஒன்று படத்தின் நுனியில் மட்டும் மேய்ந்துவிட்டுப் போனால் பூவுக்கு நட்டம். இடுக்கை அடைக்கும் உடம்பு வேண்டும்.

இதைப் பிள்ளைகளோடு சோதித்தும் பார்க்கலாம். 100 மில்லிலீட்டர் கொதித்தாறிய நீரில் 10 கிராம் சீனி கரையுங்கள். பாமசியில் கிடைக்கும் போரிக் அமிலத் தூளில் ஊசிமுனையளவு போடுங்கள். 10 மில்லிகிராம் போதும், கூடினால் மகரந்தம் செத்துவிடும். (தூளைப் பெரியவர்களே கையாளட்டும்.) இரண்டு கண்ணாடித் தட்டுகளில் ஒவ்வொரு துளி விட்டு, ஒன்றில் வளையத்துக் கேசரத்தையும் மற்றதில் படத்துக் கேசரத்தையும் இலேசாகத் தட்டுங்கள். ஈரக் கடதாசி விரித்த டப்பாவுக்குள் மூடிவைத்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியில் 100 மடங்கில் பாருங்கள். வளையத்து மகரந்த மணிகளிலிருந்து நூல்போலக் குழாய் நீண்டிருந்தால் வேலை முடிந்தது. படத்து மணிகள் வைத்தபடியே கிடக்கும்.

இரண்டுமே சும்மா கிடந்தால் பெரும்பாலும் பூவில்தான் பிழை: நேற்றைய பூவாக இருக்கும், அல்லது மழையில் நனைந்திருக்கும். சீனி போடாமல் வெறும் நீரில் வைத்தாலும் கெட்டுவிடும். மணிக்குள் உப்பும் சர்க்கரையும் செறிந்திருப்பதால் நீர் உள்ளே பாய்ந்து அது வெடித்துவிடும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழைக் காலம் என்பதால், கொழும்பில் சனவரியிலிருந்து மார்ச் வரை இந்தச் சோதனைக்கு வசதி. விகாரையில் பூப்பறிக்க வேண்டாம். உதிர்ந்ததே போதும், அதையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுப்பது மரியாதை.

பூக்கள் கிளை நுனியில் இல்லாமல் அடிமரத்திலிருந்து தொங்கும் கொத்துகளில் வருவதற்கும் காரணம் தேடலாம். பலாவைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கிலோக்கணக்கில் கனக்கும் காயை மெல்லிய கிளையா தாங்கும்? நாகலிங்கக் காய் பீரங்கிக் குண்டளவு, குறுக்களவு 20 சென்ரிமீற்றர் வரும். ஓடு மரக்கட்டைதான். முற்ற ஒன்றரை வருடம்கூட ஆகும். விழுந்து உடைந்தால் வெண்சதை காற்றுப்பட்டு நீலப்பச்சையாக மாறி, மூக்கைப் பொத்தவைக்கும். காலையில் பூ தந்த வாசனையை அதோடு மறந்துவிடலாம். விதையைச் சுற்றி மயிர்கள் உள்ளன. காயைத் தின்னும் விலங்கின் குடலைக் கடக்கும்போது அவை விதைக்குக் காப்பு.

வீட்டு முற்றத்தில் நடும் ஆசை வந்தால், 30 மீற்றர் உயரத்தையும் தலைக்கு மேல் தொங்கும் குண்டுகளையும் முதலில் நினைத்துக்கொள்ளுங்கள். அடிமரத்தடியில் பாய் விரிக்கவோ, பிள்ளைகளை விளையாட விடவோ, காரை நிறுத்தவோ கூடாது.

பேராதனைக்கு ஒரு நாள் கிடைத்தால், கொழும்புக் கோட்டையிலிருந்து கண்டிப் பாதை ரயில் ஏறுங்கள். அங்கே தாவரவியற் பூங்காவில் பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர் 1901இல் நட்ட நாகலிங்கம் இருக்கிறது. பூங்காவுக்குள் மற்றதெல்லாம் பிறகு. காலைத் தேனீக்கள் கலைவதற்குள் முதலில் அந்த மரத்தடிக்கே நடந்துவிடுங்கள், காய் தொங்கும் பக்கத்தை விட்டு விலகி.