மதம், சமயம், நெறி: எதை எங்கே சொல்வது?

‘மதம்’ என்ற மூன்றெழுத்துக்குள் குறைந்தது மூன்று சொற்கள் குடியிருக்கின்றன.

முதலாவது பழந்தமிழ் உரிச்சொல். ‘மதவே மடனும் வலியும் ஆகும்’ என்கிறது தொல்காப்பிய உரியியல். அடுத்த நூற்பா மிகுதி, வனப்பு ஆகிய பொருள்களையும் அதற்குத் தருகிறது. இரண்டாவது வடமொழிச் சொல். களிப்பு, செருக்கு, வெறி, யானையின் மதநீர் எல்லாம் இதன் பொருள்கள். மூன்றாவதும் வடமொழிதான், ஆனால் வேர் வேறு. ‘நினை’ எனப் பொருள்படும் ‘மன்’ என்னும் வேரிலிருந்து வந்தது. ‘நினைக்கப்பட்டது’, அதாவது கருத்து, கொள்கை என்பது அதன் பொருள். ஆங்கிலத்தின் ‘ரிலிஜன்’ என்பதற்கு ஈடாக நாம் இன்று ஆள்வது இந்த மூன்றாவதைத்தான்.

வடமொழியில் வெறியைக் குறிக்கும் சொல்லில் மெலிந்த தகரமும், கருத்தைக் குறிக்கும் சொல்லில் வன்மையான தகரமும் வரும். மலையாளமும் தெலுங்கும் இன்றுவரை இரண்டையும் வெவ்வேறு எழுத்தால் எழுதுகின்றன. தமிழிலோ தகரத்துக்கு ஒரே எழுத்துதான். உயிரை அடுத்து வரும்போது அது மெலிந்தே ஒலிப்பதால் எழுத்திலும் ஒலிப்பிலும் வேறுபாடு மறைந்துவிட்டது. ‘யானைக்கு மதம் பிடித்தால் ஆபத்து, மனிதனுக்கு மதம் பிடித்தாலும் ஆபத்து’ என்று மேடையில் கைதட்டல் வாங்கும் சிலேடை இந்த எழுத்து விபத்தால் பிறந்தது. சிலேடையாக ரசிக்கலாம். சொற்பிறப்பாக அதை நம்பி, ‘மதம் என்றாலே வெறி என்றுதானே பொருள்’ என்று வாதிடுவது பிழை. யானையின் கண்ணுக்கும் காதுக்கும் இடையே சுரக்கும் நீருக்குப் பழந்தமிழ்ப் பெயர் கடாம். ‘கடாஅக் களிறு’ என்று குறளிலேயே வருகிறது.

‘மதம்’ தமிழில் வெறும் ‘கருத்து நிலை’ என்ற பொருளில் வழங்கியதற்கு நன்னூல் பாயிரமே போதும். நூலாசிரியர் மேற்கொள்ளும் ‘எழுவகை மதம்’ என்று பவணந்தியார் பட்டியல் தருகிறார்: பிறர் கருத்துக்கு உடன்படுதல், மறுத்தல், முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைதல், தானே ஒன்றை நாட்டி நிறுத்துதல், இருவர் மாறுபட்ட இடத்தில் ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல், பிறரோடு உடன்படாமல் தன் கருத்தையே கொள்ளல். இந்த ஏழில் கடவுளும் இல்லை, கோயிலும் இல்லை. ஓர் இலக்கண ஆசிரியருக்கும் ‘மதம்’ உண்டு என்பதே அன்றைய வழக்கு. தொல்காப்பிய உரையாசிரியரைப் பற்றி ‘இளம்பூரணர் மதம் இது’ என்று எழுதினால் அவர் எந்தத் தெய்வத்தை வணங்கினார் என்று பொருளாகாது.

மதி, மந்திரம், அபிமானம், அனுமதி எல்லாம் அதே ‘மன்’ வேரின் கிளைகள். சம்மதம் என்பது ‘சம்’ முன்னொட்டு சேர்ந்த அதே மதம்தான்: ஒத்த கருத்து. ஆக, ‘எம்மதமும் சம்மதம்’ என்பதில் உள்ள சொல்விளையாட்டு உண்மையான உறவின் மேல் நிற்கிறது. யானைச் சிலேடைக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

சமயம் வேறு கதை. ‘சம்’ (கூட) என்பதோடு ‘செல்’, ‘வா’ எனப் பொருள்படும் ‘இ’ என்னும் வேர் சேர்ந்தது. ஒன்றுகூடல், உடன்பாடு, உடன்பட்டு வகுத்த கட்டுப்பாடு என்று பொருள் வளர்ந்தது. இரண்டு ஒன்றாகக் கூடும் கணமும் சமயம்தான். ‘நல்ல சமயத்தில் வந்தீர்கள்’ என்பதும் ‘சைவ சமயம்’ என்பதும் ஒரே சொல்லின் இரு முகங்கள். ‘சமை’ என்ற தமிழ் வினையிலிருந்து இதைப் பெற்று ‘சமையம்’ என எழுதுவோரும் உண்டு; வடமொழி வழியைக் கொள்வோரே பெரும்பான்மை. மதம் வடசொல், சமயம் தமிழ்ச்சொல் என்று ஒன்றைத் தள்ளி மற்றொன்றைத் திருத்தமாகப் பரிந்துரைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. தனித்தமிழ் இயக்கத்தின் முன்னணிச் சொல்லாய்வாளரான தேவநேயப் பாவாணரே தம் நூலொன்றுக்குத் ‘தமிழர் மதம்’ என்றுதான் பெயர் வைத்தார்.

‘சமயம்’ எவ்வளவு விரிந்த சொல் என்பதை மணிமேகலையின் 27ஆம் காதை காட்டும். ‘சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை’ என்பது அதன் பெயர். வஞ்சியில் மணிமேகலை கேட்கும் தரப்புகளில் சைவவாதி, வைணவவாதி, ஆசீவகர், நிகண்டர் (சமணர்) ஆகியோரோடு, கண்டதே மெய், மறுமை இல்லை என்னும் பூதவாதியும் இருக்கிறான். பின்வந்த சைவ சித்தாந்தம் தன்னிடமிருந்து மிக விலகியது முதல் மிக நெருங்கியது வரை புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என நான்கு வகுப்பாகச் சமயங்களைப் பிரித்தபோது, கடவுளை மறுக்கும் உலகாயதத்தைத் தள்ளிவிடாமல் புறப்புறச் சமயமாகவே எண்ணியது. ‘கடவுள் நம்பிக்கை உண்டா?’ என்பதை ஒரே அளவுகோலாக வைக்கும் இன்றைய பேச்சுக்கு இது சற்று அந்நியமாகத் தோன்றலாம்.

ஆங்கிலச் சொல்லின் மூலமான இலத்தீன் ‘ரிலிஜியோ’வுக்கோ இன்னொரு வரலாறு. மீண்டும் மீண்டும் கவனமாக எடுத்து நோக்குதல் என்ற வினையிலிருந்து அதைப் பெற்றார் ரோமானியப் பேச்சாளர் சிசரோ. கட்டுதல், பிணைத்தல் என்ற வினையிலிருந்து பெற்றார் கிறித்தவ எழுத்தாளர் லாக்டான்டியஸ். எந்த வழியில் பார்த்தாலும் அதன் மையம் கடமையும் பிணைப்புமே; கருத்து அன்று. அந்தச் சொல்லைக் கருத்து என்று பொருள்படும் ‘மதம்’ மேல் ஏற்றியபோதுதான் சிக்கல் தொடங்கியது. 1871–72 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு போன்ற அரசுப் பதிவுகள் ஒவ்வொருவரையும் ஒரு மதத்தின் கட்டத்துக்குள் எழுதின. மாற்றிக்கொள்ளக்கூடிய கருத்தாக இருந்த சொல், பிறப்போடு வரும் அடையாளத்தின் பெயரானது.

சமூகத்தில் ‘ரிலிஜன்’ செய்யும் வேலை ஒன்றல்ல. புனிதமானவை பற்றிய நம்பிக்கைகளும் வழக்கங்களும் தம்மைக் கைக்கொள்வோரை ஓர் அறச்சமூகமாக ஒன்றிணைக்கும் அமைப்பு என்று 1912இல் வரையறுத்தார் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம். நம்பிக்கை, சடங்கு, சமூகம் என மூன்று உறுப்புகள். தமிழில் இவற்றுக்கு ஒரே சொல்லைத் தேட வேண்டியதில்லை. நம்பிக்கையும் கோட்பாடும் பேசப்படும் இடத்தில் மதம் சரியாகப் பொருந்தும். சடங்கின் இடத்தில் வழிபாடு: ‘வழிபடு’ என்ற வினை, வழியில் ஒழுகுதல், பின்பற்றுதல் என்ற பொருளில் தொடங்கியது. கூடி வாழும் சமூக ஏற்பாட்டுக்குச் சமயம். நம்பிக்கையை இழந்துவிட்ட ஒருவர் திருமணத்துக்கும் சாவுக்கும் தம் கூட்டத்தின் முறைப்படியே நடப்பதுண்டு. அவரிடம் மதம் இல்லை, சமயம் இருக்கிறது என்று துல்லியமாகச் சொல்ல முடிவது தமிழின் வசதி.

நடத்தைக்கு நெறி. ‘பொய்தீர் ஒழுக்க நெறி’ என்பது வள்ளுவர் வாக்கு. ‘திருநெறிய தமிழ்’ என்று சம்பந்தர் தம் பாடலையே அதனோடு இணைத்தார். தூய தமிழ்ச் சொல்தான் வேண்டும் என்பவர்க்கு இதுவே முதல் தெரிவு. ஆனால் அடை இல்லாமல் நிற்காது: சைவநெறி, பௌத்த நெறி என்றால் தெளிவு, படிவத்தில் ‘உங்கள் நெறி யாது?’ என்று கேட்டால் ஒழுக்கத்தைச் சோதிப்பது போலாகும். நெறிமுறை, நெறியாளர் போன்ற தற்காலச் சொற்கள் அந்த இடத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டுவிட்டன.

சமூகங்களுக்குள் வழங்கும் பெயர்களும் உண்டு. தமிழ் முஸ்லிம்கள் ‘மார்க்கம்’ என்பார்கள். மார்க்க அறிஞர், மார்க்கக் கல்வி என்பவை அன்றாட வழக்கு. கிறித்தவர்களிடையே ‘வேதம்’ இதே பொருளில் நின்றது. வேதக்காரர், வேதக்கோயில் என்பன அதன் எச்சம். மார்க்கம் நெறிக்கு நேர் வடமொழி, அதுவும் பாதைதான்.

இன்றைய எழுத்தில் ஒரு பிளவு விழுந்திருக்கிறது. மோதலும் சூடும் உள்ள இடங்களில் மதம்: மதவெறி, மதக்கலவரம், மதவாதம், மதமாற்றம். நிதானமும் நிறுவனமும் உள்ள இடங்களில் சமயம்: சமயக்குரவர், சமய இலக்கியம், சமயப்பொறை, இந்து சமய அறநிலையத் துறை. யானையின் நிழல் மதத்தின் மேல் விழுந்ததே இதற்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம். இந்தப் பிரிவு மூலப்பொருளால் வந்ததன்று, வழக்கால் வந்தது. ஆனாலும் ‘சமயவெறி’ என்று எழுதினால் வாசகர் ஒரு கணம் தயங்குவார், ஆகவே வழக்கை ஒட்டி எழுதுவதே நல்லது.

எழுதுவோர் அதிகம் தவறும் இடம் புணர்ச்சி. ‘மதசார்பற்ற’, ‘மதகலவரம்’ என்று அச்சிலேயே வருகின்றன. மகர ஈறு கெட்டு, வரும் வல்லினம் மிகும்: மதச்சார்பற்ற, மதக்கலவரம், சமயச்சார்பின்மை. ‘மதகுரு’ இதற்கு விலக்கு. அங்கே ககரம் மெலிந்து ஒலிக்கும் வடமொழித் தொடர் அப்படியே வந்திருப்பதால் ‘மதக்குரு’ என்று எழுதுவதில்லை. சமயக்குரவரில் மட்டும் ஒற்று மிகுவது, ‘குரவர்’ தமிழ் முறைப்படி வல்லொலியோடு புணர்வதால்.