கையெழுத்து ஃபாண்டை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது

டிசைன் வேலை கொடுக்க வருகிறவர்களில் நிறையப் பேர் "கையால எழுதின மாதிரி ஒரு ஃபாண்ட் போட்டுக் கொடுங்க" என்றுதான் பேச்சையே ஆரம்பிக்கிறார்கள். கேட்பதில் தப்பே இல்லை. யாரோ ஒருத்தர் நமக்காக உட்கார்ந்து எழுதினார் என்கிற நினைப்பை அந்த எழுத்து உண்டாக்கும், சாதாரண அச்செழுத்தால் அது முடியாது. ஆனால் தலைப்போடு நிற்காமல் விலாசம், ஃபோன் நம்பர், விதிமுறைகள் என்று எல்லாவற்றையும் அதிலேயே போடச் சொல்வார்கள் பாருங்கள், அங்கேதான் நான் முரண்டு பிடிப்பேன்.

நான் சொல்வது கூர்நிப் பேனாவால் சுழித்துச் சுழித்து எழுதிய ஆடம்பர ஸ்கிரிப்ட் அல்ல. பிரஷ், மார்க்கர், பால்பாயிண்ட் பேனா இவற்றால் சட்டென்று கிறுக்கியது போல இருக்கும் வகை. இது கம்ப்யூட்டர் காலத்துச் சரக்கும் இல்லை. ராபர்ட் ஸ்மித் வரைந்த பிரஷ் ஸ்கிரிப்ட் என்ற ஃபாண்ட் 1942-இல் வந்தது. ரோஜர் எக்ஸ்கோஃபோன் தன் சொந்தக் கையெழுத்தை வைத்தே மிஸ்ட்ரல் ஃபாண்டைச் செய்தார், வெளியானது 1953-இல். ஈய அச்சுக் காலத்தில், தனித்தனி உலோகத் துண்டுகளை அடுக்கினால் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே வீச்சில் எழுதியதுபோல் தெரிய வேண்டும் என்றால் எவ்வளவு கணக்குப் போட்டிருக்க வேண்டும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

நல்ல ஃபாண்டா, ஒப்பேற்றியதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஆங்கிலத்தில் ஹலோ என்று அடித்துப் பாருங்கள். நடுவில் வரும் இரண்டு எல்லும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால் குட்டு உடைந்துவிட்டது, எந்த மனிதக் கையும் அப்படி எழுதாது. அக்கறையாகச் செய்த ஃபாண்டுகளில் ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவங்கள் இருக்கும், பக்கத்து எழுத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளும் (மென்பொருளில் கன்டெக்ஸ்சுவல் ஆல்டர்னேட்ஸ் என்று இருக்கும், அதை அணைத்து வைத்துவிட்டு ஃபாண்டைக் குறை சொல்லாதீர்கள்). அப்புறம் ஓ-வுக்கு அடுத்து ஆர் வரும் இடம். ஓ மேலிருந்து இணையும், மற்ற எழுத்துகள் பெரும்பாலும் கீழிருந்து இணையும். மட்டமான ஃபாண்ட் அந்த இடத்தில் பல்லிளித்துவிடும்.

எழுத்துகள் இணையும் ஃபாண்டில் இடைவெளியைக் கூட்டினால் இணைப்பு அறுந்து வெறும் கொக்கிகள் மிஞ்சும். முழுக்க ஆங்கிலக் கேப்பிட்டல் எழுத்தில் போட்டால் படிக்கவே முடியாது. ஸ்டிக்கர் வெட்டும் மெஷினுக்கு அனுப்புவதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும், அவற்றை ஒரே வடிவமாக இணைக்காமல் கொடுத்தால் பிளேடு ஒவ்வொரு இணைப்பின் குறுக்கேயும் வெட்டிக்கொண்டு போகும்.

தமிழ் எழுத்து தனித்தனியாகவே நிற்பதால் இந்த இணைப்புத் தொல்லை நமக்கு இல்லை. சாய்வு, கோட்டின் ஏற்ற இறக்கம், முனையின் வீச்சு இவற்றில்தான் கை தெரியும். கூகுளின் இலவச ஃபாண்ட் தளமான கூகுள் ஃபாண்ட்ஸில் உள்ள, தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவனார் இதற்கு நல்ல உதாரணம். தமிழில் ஆபத்து வேறு மாதிரி. வேகமாக எழுதிய தோற்றத்துக்காக ரகரத்தின் கீழ் வாலைக் குறுக்கினால் அது துணைக்காலோடு குழம்பும். சின்ன அளவில் மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு அப்பிக்கொள்ளும், புள்ளி போனால் சொல்லே வேறு. ஆகவே திரையில் பெரிதாக்கி ரசிப்பதோடு நிறுத்தாமல், அச்சாகப் போகும் அளவிலேயே பிரிண்ட் எடுத்துப் பாருங்கள்.

என் வழக்கம், வடிவமைப்பில் ஒரு மனிதர் பேசுகிற வரிக்கு மட்டும் கையெழுத்து ஃபாண்ட். வாழ்த்து, நன்றி, கையொப்பம், ஒரு பேர், அவ்வளவுதான். மருந்தின் அளவு, எச்சரிக்கை, பேங்க் கணக்கு எண் இவற்றில் ஒன்றும் ஏழும் மாறித் தெரிந்தால் விளையாட்டில்லை. காமிக் சான்ஸ் என்ற ஃபாண்ட் டிசைனர்களிடம் இவ்வளவு திட்டு வாங்கியதும் இடம் மாறிப் போனதால்தான் என்பேன். வின்சென்ட் கொன்னாரே 1994-இல் அதை வரையத் தொடங்கியது, ஒரு மென்பொருளில் கார்ட்டூன் நாய் பேசும் பலூனுக்குள் போட. அந்த நாய்க்கு அது பொருத்தம்தான். ஆபீஸ் சுற்றறிக்கையில் கொண்டுபோய் வைத்தால் ஃபாண்ட் என்ன செய்யும்?

கடைசியாக லைசென்ஸ். இலவசம் என்று இறக்கும் கையெழுத்து ஃபாண்டுகளில் பல, சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசம். லோகோ, விளம்பரம், விற்கிற டி-ஷர்ட் எல்லாம் வணிகப் பயன்பாடு. ஃபாண்டோடு ஜிப்பில் வரும் டெக்ஸ்ட் ஃபைலை யாரும் திறப்பதே இல்லை, பதில் அதில்தான் இருக்கும். ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ் என்று போட்டிருந்தால் வணிக வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஃபாண்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது. வேறு ஏதாவது எழுதியிருந்தால், வாடிக்கையாளரிடம் லோகோவைக் காட்டுவதற்கு முன்பே விலையை விசாரித்துவிடுங்கள், அவருக்குப் பிடித்துப்போன பிறகு மாற்றச் சொன்னால் சண்டைதான்.